சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: கொங்கு வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் பெருமக்களுக்கும் கல்லூரி ஆட்சிக்குழுவினருக்கும் வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் இயங்கும் அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் அனைத்தையும் மனத்தில் வைத்து இந்த மடலை எழுதுகிறேன். நான் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாற்றுத்திறனாளி மாணவர்கள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி தேடும் காலத்தில் அவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் உட்கார்ந்து, எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எப்படிப் போய்வருவது என்று யோசித்துத் தரும் வேலையைப் பணியில் இருந்தபோதும் செய்தேன், இப்போதும் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் கல்லூரியில் ஒரு மாற்றுத்திறனாளி மாணவர் படிப்பதற்கு என்னென்ன வசதி இருக்கிறது, என்னென்ன இல்லை என்பதைப் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே, எழுத்தில், தமிழில், எல்லோரும் பார்க்கும்படி சொல்லிவிடுங்கள்.

மற்ற மாணவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவு, கட் ஆஃப், கட்டணம், வளாக வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இந்த மாணவர்களும் அவற்றைத்தான் பார்க்க விரும்புகிறார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கேள்விகளுக்கு வந்து சேர்வதற்கு முன்பே வேறு கேள்விகள் குறுக்கே நிற்கின்றன. வகுப்பறை எந்த மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இருந்தால் அதை மாணவர் பயன்படுத்தலாமா, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, தேர்வு எழுத உதவியாளரைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா என்பவை அந்தக் கேள்விகள். உங்கள் சேர்க்கைக் கையேடுகளைப் பல ஆண்டுகளாக வாங்கிப் படித்து வருகிறேன். வளாகத்தின் பரப்பளவு இருக்கிறது, நூலகத்தின் புத்தக எண்ணிக்கை இருக்கிறது, எந்தெந்த நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க வந்தன என்ற விவரம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் சொல்லும் கையேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

பவானிப் பக்கம் ஜமுக்காளத் தறி நெய்யும் ஒரு தாய், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகளுக்காக என்னிடம் வந்தபோது கேட்டது இதுதான்: "ஏனுங்க சார், பாடம் எதா இருந்தாலும் எம்புள்ள படிச்சுக்குவாளுங்க. அங்க கக்கூசு கீழயே இருக்குதுங்களா, வண்டி உள்ள போகுமுங்களா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க." அந்தப் பெண் பள்ளியில் படித்த காலம் முழுவதும் காலையிலிருந்து மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள். கல்லூரியிலும் மூன்றாண்டுகள் அப்படியே இருந்துகொள்ளலாம் என்று அவளே சமாதானம் சொன்னாள். சிறுநீரை அடக்கியும் தண்ணீரைக் குறைத்தும் படிப்பை முடிக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். அதன் விளைவாக வரும் நோய்த்தொற்றையும் அவர்கள் வெளியே சொல்வதில்லை. நான் ஒரு கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசி இந்தக் கேள்வியைக் கேட்டபோது, அலுவலகத்தில் பேசியவர் "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நல்ல மனத்தோடுதான் அப்படிச் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் கட்டணம் கட்டிச் சேர்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் முடியாது என்று தெரிந்து வெளியேறினால், அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு போய்விடும். இப்படி வெளியேறியவர்களில் மறு ஆண்டு இன்னொரு கல்லூரியின் படியேறியவர்கள் மிகச் சிலரே.

திட்டமிடுதல் என்பது ஒருநாள் வேலையன்று என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறிவிடும் அவன், மூன்றாமாண்டில் முழுநேரமும் சக்கர நாற்காலியில் இருக்கக்கூடும். எனவே முதலாண்டு வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறது என்ற பதில் மட்டும் அவன் குடும்பத்துக்குப் போதாது. மூன்றாமாண்டு வகுப்பு எங்கே நடக்கும், ஆய்வகம் எங்கே, அதைக் கீழே மாற்றித் தர முடியுமா என்பதும் சேரும் நாளிலேயே தெரிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது வகுப்பறை ஒதுக்கீட்டைத் தாளில் மாற்றி எழுதும் வேலைதான். செங்கல்லும் சிமெண்டும் தேவைப்படாத இந்த உதவிகூட, யாரும் முன்கூட்டிக் கேட்காததால் அல்லது கேட்டாலும் யாரிடம் கேட்பதென்று தெரியாததால் நடப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களும், வயது உச்சவரம்பில் ஐந்தாண்டு தளர்வும் தர வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு கூறுகிறது. சுயநிதிக் கல்லூரி நிர்வாகிகள் சிலர் இந்தப் பிரிவைக் காட்டி, இது எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அவர்கள் அப்படி வாதிடலாம். கட்டடத்தைப் பொறுத்தவரை வாதிட இடமில்லை. அதே சட்டம் "பொதுக் கட்டடம்" என்பதற்குத் தரும் விளக்கத்தில், கல்விக்காகப் பயன்படும் கட்டடம் அரசுடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும் அடங்கும். ஏற்கெனவே உள்ள அத்தகைய கட்டடங்களை எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்றுவதற்கு, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன. அவகாசம் 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளாக வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவற்றை மிரட்டலாக நான் எடுத்துக்காட்டவில்லை. ஆனால் ஒரு தாய் கழிப்பறையைப் பற்றிக் கேட்கும்போது அவர் சலுகை கேட்கவில்லை என்பது உங்கள் அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாய்தளம் இருக்கிறது என்று பல கல்லூரிகள் சொல்கின்றன. எத்தகைய சாய்தளம் என்பதை அளந்து சொல்லுங்கள். ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது தரம். நம் ஊர்க் கட்டடங்களில் வாசலில் மூன்று படிகள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம், வழக்கமாக இருக்கும். அதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். ஆறடி நீளத்தில் செங்குத்தாகக் கட்டி வழவழப்பான டைல்ஸ் பதித்துவிட்டால், அதில் தானாக ஏற எந்த மாணவராலும் முடியாது. பின்னால் இருவர் தள்ள வேண்டியிருக்கும், இறங்கும்போது விழவும் நேரும். கதவின் திறந்த அகலம் 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். மின்தூக்கி உள்ள ஒரு கல்லூரியில் "பணியாளர்களுக்கு மட்டும்" என்ற பலகை தொங்கியதையும், மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்ததையும் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே வசதி இருக்கிறதா என்பதோடு, அது திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சொன்னால்தான் அந்தத் தகவல் பயன்படும்.

பார்வையற்ற மாணவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வழி அடைபடத் தொடங்குவது பிளஸ் ஒன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே. கணக்கும் அறிவியலும் உனக்கு வேண்டாம் என்று பள்ளியில் நாங்களே திருப்பிவிடுவது வழக்கமாக இருந்துவருகிறது. அதனால் கல்லூரியில் தமிழ், ஆங்கிலம், வரலாறு என்று ஒரு சிறு வட்டத்துக்குள் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். வணிகவியலிலோ கணினிப் பயன்பாட்டிலோ சேர ஆசைப்படும் பிள்ளைக்கு, உங்கள் துறைத்தலைவர் அவனை ஏற்பாரா என்பது பத்தாம் வகுப்பு முடியும்போதே தெரிந்தால், பள்ளியிலும் அதற்கேற்ற பிரிவை நாங்கள் தரலாம். ஆய்வகத்தில் என்ன செய்வான் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் கொண்டு கணினியை முழுமையாக இயக்கும் பார்வையற்றவர்கள் இன்று மென்பொருள் துறையிலும் வங்கிகளிலும் வேலை செய்கிறார்கள். என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கிறது.

ஆனால் அது வாசிக்க வேண்டுமானால் பாடக் குறிப்புகள் வாசிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும். பேராசிரியர்கள் கையெழுத்துக் குறிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் நேரடியாக வாசிக்காது. தமிழ்த்துறையில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அவை ஆங்கில எழுத்துகளாகவே இருக்கின்றன. பார்வையற்ற மாணவர் காதில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். கணினி தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுப்பது சில நிமிட வேலை. நூல்களை ஸ்கேன் செய்து, வாசிக்கத்தக்க வடிவில் மாற்றிக் கொடுப்பதில் பதிப்புரிமைத் தடை இருக்குமோ என்று நூலகர்கள் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக இப்படி மாற்றிக் கொடுப்பதை 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இதற்காகவே இயங்குகிறது. உங்கள் நூலகம் அதைப் பயன்படுத்துகிறதா என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

காது கேளாத பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இன்றும் பெரும்பாலும் சென்னையாகவே இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பர்கூர் மலையிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ ஒரு பெண்ணைச் சென்னைக்கு அனுப்பத் துணியும் குடும்பங்கள் குறைவு. சைகை மொழி பெயர்ப்பாளரை அமர்த்திய ஒரு கல்லூரியாவது கொங்கு நாட்டில் இருக்குமானால் அது எங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால், இத்தனை பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் கொண்ட ஒரு வட்டாரம் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தேர்வு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசத்தையும் பெற்றுத் தேர்ச்சியடைந்த மாணவர், கல்லூரியில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு அன்று, "நீயே ஓர் ஆளைக் கூட்டி வா" என்று கேட்கும்போது திகைத்துப்போகிறார். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும், எழுதுபவரைத் தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்டுப் பெறுவதா, தானே அழைத்து வருவதா என்பதை மாணவரே முடிவு செய்யலாம் என்றும், அமைப்பு தரும் எழுதுபவரை இரண்டு நாள் முன்னதாகச் சந்தித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் கூறியது. 40 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்பு இருந்தாலும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு குடிமைப் பணித் தேர்வரின் வழக்கில் தெளிவாக்கியது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது. இவ்விரண்டுக்கும் பதிலாக 2025 ஆகஸ்டில் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் தேர்வு நடத்துவதும் நீங்களே, அந்த அமைப்பும் நீங்களே. ஆகவே பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும் என்ற பதில் அங்கே பொருந்தாது. உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் இப்போதைய வழிகாட்டுதலை எப்படி நடைமுறைப்படுத்துகிறது, எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், உள்தேர்வுகளுக்கும் இது உண்டா என்பதை எழுதி வையுங்கள்.

வெளியில் தெரியாத குறைபாடுகளும் சட்டம் சொல்லும் அந்த 21 வகைகளில் உண்டு. இரத்தம் உறையாமை உள்ள மாணவருக்கு மூட்டில் இரத்தம் கசிந்தால் ஒரு வாரம் படுக்கை. தலசீமியா உள்ளவருக்குக் குறித்த இடைவெளியில் இரத்தம் ஏற்ற வேண்டும். 75 விழுக்காடு வருகை விதி அவர்களிடம் எப்படிக் கையாளப்படும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. கற்றல் குறைபாடு உள்ளவர்களோ கேள்வி கேட்கவே அஞ்சுகிறார்கள், சோம்பேறி என்ற பெயரைப் பள்ளியிலேயே சுமந்து வந்தவர்கள் என்பதால்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்று கல்லூரிப் பேருந்து. காங்கேயம், வெள்ளகோவில், அந்தியூர், ராசிபுரம் என்று ஊர் ஊராக அதிகாலையில் உங்கள் பேருந்துகள் புறப்படுவதால்தான் கிராமத்துப் பெண்கள் இவ்வளவு பேர் பட்டம் பெற்றார்கள். அதற்கு இந்த வட்டாரம் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம். ஆனால் உங்கள் கல்லூரி வாசலுக்கு அந்தப் பேருந்து வருகிறதா, நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறிப்பிடுங்கள். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வரும் மாணவரைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தச் சொல்லாமல் வகுப்பறைக் கட்டடம்வரை விட வேண்டும். விடுதியில் தரைத்தள அறை உண்டா, துணைக்கு ஒருவர் தங்க அனுமதி உண்டா என்பதும் வேண்டும்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்கிறோமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். பிளஸ் ஒன் படிக்கும்போதே மருத்துவச் சான்றையும் யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் வாங்கிவிடுங்கள், கலந்தாய்வு அறிவித்த பிறகு ஓடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வருகிறோம். அரசுக் கலைக் கல்லூரிகளிலும் பொறியியல் கலந்தாய்விலும் மாற்றுத்திறனாளிகள் அடங்கிய சிறப்புப் பிரிவினருக்கு முதலில் அழைப்பு வருவதால் நாள் தவறினால் இடம் போய்விடும் என்பதைச் சொல்கிறோம். தொழில்நுட்பப் படிப்பில் சேர்பவர்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வழங்கும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் சக்ஷம் உதவித்தொகையையும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் எடுத்துச் சொல்கிறோம். தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். பணத்துக்கு வழி ஓரளவு திறந்திருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குள் பிள்ளை போய் உட்கார முடியும் என்ற தகவல்தான் எங்களிடம் இல்லை, அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

உண்மையில் அது உங்களிடம் ஆவணமாகவே இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வரும்போது, ஏழாவது அளவுகோலின் கீழ், சாய்தளம், மின்தூக்கி, கழிப்பறை, வழிகாட்டிப் பலகைகள், திரைவாசிப்பு மென்பொருள், தேர்வு எழுத உதவியாளர் ஆகியவற்றைப் பற்றிப் புகைப்படங்களோடு ஆங்கிலத்தில் பதிவேற்றுகிறீர்கள். மதிப்பீட்டுக் குழுவுக்குத் தெரிந்தது, அந்த வளாகத்தில் மூன்றாண்டு படிக்கப்போகும் பிள்ளைக்குத் தெரியக் கூடாதா? அதையே தமிழில் ஒரே பக்கமாக எழுதி, கீழே இதற்குப் பொறுப்பான ஒரு பேராசிரியரையும் கல்லூரி அலுவலகத் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டால் போதும்.

சில வசதிகள் இல்லை என்று எழுத வேண்டிவரும். தயங்காமல் எழுதுங்கள். இல்லை என்று நேர்மையாக எழுதிய கல்லூரியைப் பெற்றோர் குறைவாக நினைக்க மாட்டார்கள். அதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்க முடியும். எந்த மாதத்துக்குள் செய்து தருவோம் என்றும் எழுத முடிந்தால் இன்னும் நல்லது. "ஒரே ஒரு மாணவருக்காகவா இவ்வளவும்" என்று ஒரு நிர்வாகி என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். ஒருவர்தான் வருகிறார் என்பது உண்மை. மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள், அல்லது வீட்டிலிருந்தே புறப்படவில்லை என்பதும் உண்மை.

எதை எப்படி அளப்பது என்று தெரியவில்லையென்றால், உதவி கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் சிறப்புக் கல்விக்கான புலமே இயங்குகிறது. உங்களிடம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும், படித்து முடித்துச் சென்ற மாற்றுத்திறனாளி மாணவர்களை அழைத்து வளாகத்தை ஒருமுறை சுற்றிவரச் சொன்னால், வேறெந்த வல்லுநரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மார்ச் மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிகிறது, மே மாதத்தில் முடிவு வருகிறது. இடையில் ஏப்ரல் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் இந்த ஒரு பக்கத்தை உங்கள் இணையதளத்தின் சேர்க்கைப் பகுதியில் வெளியிட்டு, படி ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், உங்கள் பேருந்து போகும் ஊர்களின் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் அனுப்பிவையுங்கள். கல்லூரி வேலை நாளில் ஒரு நாளைக் குறித்து, இந்த மாணவர்கள் பெற்றோரோடு வந்து வகுப்பறையையும் கழிப்பறையையும் பேருந்தையும் தாங்களே பார்க்க அனுமதியுங்கள். எந்தக் கல்லூரி நாள் குறித்தாலும் கோபி, பவானி, அந்தியூர்ப் பகுதி மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.